வியாழக்கிழமைப் பட்டியல்

ஞாயிறு ஆட்டத்துக்கு
வியாழன் இரவே நடுவர் தேட வேண்டும்.
லிஃப்ட் நின்றுபோன எங்கள் பிறை அடுக்குமாடியில்
நான்காம் மாடிப் படிதான் என் அலுவலகம்.
அங்கேதான் லைன் கிடைக்கும்.

ஜனவரியில் பதினொரு பேர் இருந்தார்கள்.
தனி அணியே இறக்கலாம் என்று
கூட்டத்தில் சிரித்தோம்.

முகிலரசன் முதலில் போனான்.
"ஒரு மணி நேரம் கிராப் ஓட்டினா இதே காசுதான்கா.
யாரும் எங்கம்மாவ இழுக்க மாட்டாங்க."
ஹஃபீஸுக்கு முட்டி.
ஆ கெங் காரணமே சொல்லவில்லை.
மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, விசில்
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில்
என் கதவுப் பிடியில் தொங்கின,
யாரோ வாங்கிவந்த மீ கோரெங் போல.
எஸ்தருக்கு நாங்கள் நூற்றெண்பது வெள்ளி பாக்கி.
மூன்று மாதமாய்.
அதையும் கேட்காமல்தான் நின்றுகொண்டாள்.

பெயர்களை நான் அடிப்பதில்லை.
பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன்,
திரும்பி வந்தால் அழிக்கச் சுலபம் என்று.

இன்பமலருக்கு வயது இருபத்திரண்டு.
தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேரே திடலுக்கு வருவாள்.
பெட்ரோல் நிலையக் கழிப்பறையில்
ஒற்றைக் காலில் நின்று
கறுப்புச் சட்டைக்கு மாறுவாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டம் அன்று.
கடைசி நிமிடம் பெனால்டி கொடுத்தாள்.
ஓர் அப்பா கால்வாயைத் தாண்டி உள்ளே வந்தார்.
இன்னோர் அப்பா கைப்பேசியில் படம் பிடித்தார்.
எல்லாம் முடிந்து போய்ப் பார்த்தால்
அவள் மோட்டாரின் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனோம்.
பாதி வழியில் சொன்னாள்:
"கை பட்டுச்சுக்கா. நான் பார்த்தேன்."

நான் பார்க்கவில்லை.
நான் அப்போது
தண்ணீர்ப் போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
"தெரியும்மா" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் பொருளாளர் எழுந்தார்.
ஆண்டு விருந்தில் நடுவர்களுக்குப்
பொன்னாடை போர்த்தலாமே.
நல்ல யோசனை, நல்ல யோசனை.
நான் கேட்டது ஒரு கதவு.
உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற கதவு.

திடல் ஓரத்து ஸ்டோரைக் காலி செய்ய
இரண்டு சனிக்கிழமை ஆனது.
கிழிந்த வலைகள், யாருடையதோ ஒற்றைக் காலணி,
பூனை ஈன்ற அடையாளம்.
ஒரு கண்ணாடி மாட்டினேன்.
சம்பளம் இனி ஆட்டத்துக்கு முன்னால், உறையில்.
ஆட்டம் முடிந்தால் எங்களில் ஒருவர்
நடுவரோடு மோட்டார்வரை நடக்க வேண்டும்.
இதை நோட்டில் எழுதவைக்க
ஒன்றரை மணி நேரச் சண்டை.

கால்வாய் தாண்டிய தேவசகாயத்திடம்
கோட்டுக் கொடியைக் கொடுத்தோம், ஒரே ஓர் ஆட்டத்துக்கு.
முதல் பந்து வெளியே போனது.
யார் கால் பட்டதென்று அவருக்குத் தெரியவில்லை.
இரண்டு பக்கமும் கத்தினார்கள்.
கொடியை மேலே தூக்கியவர்
எந்தப் பக்கம் காட்டுவதென்று தெரியாமல்
அப்படியே நின்றார்,
பேருந்தை நிறுத்துகிறவர் மாதிரி.
திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான்.
இன்னும் கத்துகிறார்.
இப்போது தன் மகனைப் பார்த்து மட்டும்.

இன்று வியாழன்.
பட்டியலில் புள்ளி இல்லாத பெயர்கள் நான்கு.
மூன்று பேர் முடியாது என்றார்கள்,
ஒருவர் மரியாதையாக.

ஐந்தாவது மணியில் எடுத்தாள்.
பின்னால் இயந்திரச் சத்தம்.
"யாருக்கும் யாருக்கும்கா?"
சொன்னேன்.
அதே இரண்டு அணிகள்.

கீழே யாரோ லிஃப்ட் பொத்தானை
அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள்,
வேலை செய்யாதென்று தெரிந்தும்.

"அந்த ஸ்டோர் சாவி"
என்று தொடங்குகிறாள்,
"யார்கிட்ட இருக்கு?"